கதையில் வந்த தபால்காரர்

மார்ச் 9, 2025, ஞாயிறு: நாவலப்பிட்டிக்கு அப்பால்

இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி, காலையில் கண்டியிலிருந்து ரயில், மத்தியானச் சாப்பாடு ஹட்டனில். இப்படி நினைத்துத்தான் புறப்பட்டேன். இங்குருஓயா ஸ்டேஷனைத் தாண்டி ஏற்றத்தில் எஞ்சின் நின்றது. நின்றது நின்றதுதான், இரண்டேகால் மணி நேரம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தில் வாழையும் கித்துள் மரங்களும். கதவில் கால்களைத் தொங்கப்போட்டுப் படமெடுத்துக்கொண்டு வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் முதலில் சந்தோஷமாக இறங்கித் தண்டவாளத்தில் நடந்தார்கள், அப்புறம் வெயில் ஏறவும் உள்ளே வந்து எங்கள் காலடியில் பைகளோடு உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் கோபப்படவில்லை. வடைக்காரர் மட்டும் பெட்டிக்குப் பெட்டி நாலு தடவை நடந்தார். கடலை வடை நாலு 200 ரூபா, பொரித்த மிளகாய் ஒன்றும் வைத்து, ஏதோ ஒரு பிள்ளையின் கணக்குக் கொப்பித் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

மடியில் என் சிறுகதைத் தொகுப்பின் தட்டச்சுப் பிரதி. இதைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது. பதினொரு கதைகள். கடந்த பன்னிரண்டு வருடத்தில் பஸ்ஸிலும் ரயிலிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் வைத்து எழுதியவை. மன்னார் பஸ்ஸில் கருவாட்டுச் சாக்கை யாருக்கும் மணக்கக்கூடாதென்று சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டே வந்த அம்மா, வவுனியாவில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு ஸ்டாண்டிலேயே விடியவிட்ட தகப்பனும் மகனும், இப்படிப் பத்துக் கதைகளுக்கும் நான் பார்த்த முகம் இருக்கிறது. பதினொராவது மலையகத்தில், தேயிலைத் தோட்டத்தில் நடக்கிறது. அதை மட்டும் வீட்டில் இருந்தபடி எழுதினேன். 2016 இல் ஒரு தடவை பதுளை வரை ரயிலில் போய் வந்ததும், சின்ன வயதில் பெரியம்மா வீட்டில் வேலைக்கு நின்ற ஒரு பிள்ளையின் நினைவும்தான் அதற்கு ஆதாரம். அச்சகத்துக்குக் கொடுக்குமுன் அந்த மண்ணில் நாலு நாளாவது நடந்து பார்க்க வேண்டும் என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது.

எதிரே இருந்த பிள்ளைக்கு இருபத்தாறு வயது. கொழும்பில் துணிக்கடையில் வேலை. சிவன் காமனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்துக்கு லீவு எடுத்து பொகவந்தலாவைக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டுக்குப் போகிறாள். பன்னிரண்டரைக்குச் சோற்றுப் பார்சலைப் பிரித்து, ஒரு வார்த்தை கேட்காமல், பாதியைத் தாளோடு கிழித்து என் பக்கம் வைத்தாள். பருப்பு, போஞ்சி, ஒரு துண்டு கருவாடு. கருவாடு ஒன்றுதான் இருந்தது, அது என் பங்கில் இருந்தது.

"அம்மா யாழ்ப்பாணமா?"

"ஓம் பிள்ளை. எப்படித் தெரியும்?"

"இப்ப சொன்னீங்களே, ஓம்னு."

என்ன திருத்துகிறேன் என்று கேட்டாள். அந்தப் பதினொராவது கதையைக் கொடுத்தேன். ரயில் நிற்கும் நேரத்தில் ஒருத்தி வாசிக்கட்டும் என்றுதான். நாலாம் பக்கத்தில் விரலை வைத்து நிமிர்ந்தாள்.

"அம்மா, இந்தத் தபால்காரர் யாரு?"

சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வரும் தபால்காரர், கடிதத்தை வாங்கிப் பிரிக்காமல் கூரைக்குள் செருகிவிட்டு மலைக்குப் போகும் ஒரு தகப்பன். கதையின் நடு எலும்பே அந்தக் காட்சிதான்.

"எனக்குத் தெரிஞ்சு எங்க லயத்துக்குத் தபால்காரர் வந்ததே இல்ல. முன்னூறு குடும்பம், எல்லாத்துக்கும் ஒரே விலாசம். தோட்டத்துப் பேரும் டவுனும், அவ்வளவுதான். காயிதம் கட்டாத் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கேருந்து யாராச்சும் எடுத்துட்டு வந்தா உண்டு."

கோபம் இல்லாமல்தான் சொன்னாள். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, தனக்கும் ஒரு அரசாங்க வேலைக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்ததென்றும், தேர்வு முடிந்து ஒன்பதாம் நாள்தான் கையில் கிடைத்ததென்றும் சொன்னாள். அதற்குப் பிறகுதான் கொழும்புத் துணிக்கடை.

ரயில் நகர்ந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. ஹட்டனில் இறங்கும்போது நாலரை மணி, மழை.

மார்ச் 10, திங்கள்: ஹட்டன்

இரவு குளிர் எலும்புக்குள் போய்விட்டது. இரண்டு போர்வை போதவில்லை. யாழ்ப்பாணத்தில் மாசிப் பனிக்கு ஒரு போர்த்தல் போதும், இங்கே மாசியும் மார்கழிபோலத்தான் இருக்கிறது. காலையில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சின்னக் கடையில் சுடச்சுட ரொட்டி இரண்டு, பருப்பு, கட்டச்சம்பல், வெறுந்தேத்தண்ணி, எல்லாம் சேர்த்து 230 ரூபா. சம்பலில் உறைப்பு அதிகம், இந்தக் குளிருக்கு அது வேண்டும்.

தேயிலை ஊரில் தேத்தண்ணி அமிர்தம்போல இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். மேசையில் எதிரே இருந்த பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லதெல்லாம் கப்பல் ஏறிடும்மா, நமக்கு டஸ்டுதான்" என்றார். அவருக்கு எழுபது வயதிருக்கும். 2023 இல், மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து இருநூறு வருடம் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களோடு சேர்ந்து கடைசி மூன்று நாள் இவரும் நடந்திருக்கிறார். கோப்பிக் காலத்தில் கரையிறங்கி, மன்னார்க் காட்டு வழியாக நடத்திக் கொண்டுவரப்பட்டவர்களில் வழியிலேயே எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று யாருக்கும் கணக்கில்லை என்றார். "எனக்கு மூனு நாளுல ரெண்டு காலும் வீங்கிப் போச்சு. அவங்க புள்ளையத் தூக்கிக்கிட்டு நடந்திருக்காங்க." தேத்தண்ணிக் காசை நான் கொடுக்க அவர் விடவில்லை, எனக்கும் சேர்த்து அவரே கொடுத்தார்.

சரி, அந்தப் பிள்ளையைப் பற்றி எழுத வேண்டும். ரயிலில் வந்தவளைச் சொல்லவில்லை, பெரியம்மா வீட்டில் நின்றவளை.

1982. எனக்குப் பத்து வயது, அவளுக்குப் பன்னிரண்டு இருக்கும். பொகவந்தலாவைப் பக்கம் என்று மட்டும் தெரியும். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் வசதியான வீடுகளில் மலையகத்துப் பிள்ளைகள் வேலைக்கு நின்றார்கள், அதைப் பற்றி யாரும் இரண்டாம் தடவை யோசித்ததாக எனக்கு ஞாபகமில்லை. அவளுடைய பெயர் பெரியம்மாவின் மாமியாருடைய பெயர் என்பதால் அவளை வேறு பெயரால் கூப்பிட்டோம். மாதம் ஒரு கடிதம் பெரியம்மா சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். மகள் சுகம், சம்பளத்தை வந்து வாங்கிப் போகலாம், இப்படி. கடைசியில் அவள் சொல்வதற்காக ஒரு வரி விடுவேன். தங்கச்சிக்குக் காய்ச்சல் மாறிவிட்டதா என்று ஒரு தடவை கேட்டாள். ஆறு கடிதத்துக்கும் பதில் இல்லை. பிறகு ஒருநாள் தகப்பன் வந்தார். பெற்ற பிள்ளைக்கு ஒரு வரி எழுதத் தெரியாதா என்று பெரியம்மா அவரை முற்றத்திலேயே நிறுத்திவைத்துக் கேட்டா. அவர் ஒன்றும் பேசவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர்தான் என் கதையில் வரும் தகப்பன், கடிதத்தைப் பிரிக்காமல் கூரையில் செருகுகிறவர்.

மத்தியானம் ரயில் பிள்ளை போன் பண்ணினாள். "வீட்டுக்கு வாங்கம்மா. வந்து பாத்துட்டு எழுதுங்க."

மார்ச் 11, செவ்வாய்: லயத்தில்

ஹட்டனிலிருந்து பஸ். டிக்கோயா தாண்டிக் காசல்ரீ நீர்த்தேக்கம் பாதையோடு கூடவே வருகிறது. நோர்வூட்டில் பாதை பிரியும், ஒன்று மஸ்கெலியாவுக்கு, ஒன்று பொகவந்தலாவைக்கு. பக்கத்து ஆசனத்துக்காரர் மஸ்கெலியாக்காரர், அவருடைய பழைய டவுன் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறதாம், தண்ணீர் நன்றாக வற்றும் வருடங்களில் பழைய கோயில் வெளியே தெரியும், ஆட்கள் நடந்து போய்க் கும்பிட்டு வருவார்கள் என்றார். போக ஆசைதான், இந்தத் தடவை நேரமில்லை.

தோட்டத்துப் பெயரை எழுதப் போவதில்லை. டவுனிலிருந்து ஓட்டோ 600 ரூபா, அதற்கு மேல் பதினைந்து நிமிடம் ஏற்றம். ரயிலிலிருந்து பார்த்தால் மலை பச்சைப் போர்வை மாதிரி மிருதுவாக இருக்கும். உள்ளே நடந்தால் ஒவ்வொரு செடியும் இடுப்பளவு முறுக்கேறிய மரம், கவ்வாத்து வெட்டிய கொப்புகள் முழங்காலைக் கிழிக்கின்றன, வழி என்று சொல்வது தண்ணீர் ஓடிய கல்லுப் பள்ளம். இந்தச் சரிவில் கூடையோடு ஏறி இறங்குகிறார்கள். மேலே போய்ச் சேருமுன் காலில் இரண்டு அட்டை. ஒரு பள்ளிக்கூடப் பையன் ஓடிவந்து, "ஆட்டாதீங்க" என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்து சவர்க்காரத் துண்டை எடுத்துத் தேய்த்து விழுத்தினான். நன்றி சொல்லத் திரும்பினால் ஆள் இல்லை.

லயத்தில் பத்து வீடு ஒரே கூரையின் கீழ். முன்னால் ஒடுக்கமான வாசல், ஒரு காம்பரா, பின்னால் குசினி. இவர்கள் வீட்டில் குசினியைக் கொஞ்சம் நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். மேல் பக்கம் புதிதாகத் தனி வீடுகள் ஏழு பேர்ச் காணியில் எழும்பியிருக்கின்றன, இவர்கள் பெயர் இன்னும் வரவில்லை. போனதும் கோதுமை மா ரொட்டியும், அம்மியில் அரைத்த பச்சைமிளகாய்ச் சம்பலும், பெரிய கோப்பையில் சாயம் என்று இவர்கள் சொல்லும் தேத்தண்ணியும் வந்தன. பிள்ளையின் அம்மாச்சிக்கு எண்பதுக்குக் கிட்ட. நான் கீழே பாயில் உட்காரப் போனேன், விடவில்லை, வீட்டில் இருந்த ஒரே கதிரையில் இருத்திவிட்டுத்தான் பேசத் தொடங்கினா.

இந்த அம்மாச்சியின் அண்ணன் 1973 இல் இந்தியா போனவர். 1964 இல் இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்து, 1974 இல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தோடு எந்த நாட்டுக்கும் உரியவர்களாக இல்லாமல் போனவர்கள் இவர்கள். அண்ணன் விண்ணப்பம் போட்டார், தங்கச்சியின் புருஷன் போடவில்லை.

"ஹட்டன் ஸ்டேஷனுல கோச்சி வந்து நிக்கும். அன்னைக்கு ஸ்டேஷனே எழவு வீடு மாதிரிதான். தலைமன்னாருக்குப் போயி, அங்கேருந்து கப்பல். அண்ணன் கூடலூருல தோட்டத்துலயே வேலைக்குச் சேர்ந்திட்டாரு. காயிதம் போட்டாரு. காலையில வேலைக்குக் கூடுற பெரட்டுக்களத்துல கணக்கப்புள்ள பேர் சொல்லிக் கூப்புட்டா நம்ம அதிஷ்டம். அவருதான் படிச்சும் காட்டணும், நமக்கு எழுத்துத் தெரியாதுல்ல. மொத்தம் எட்டு வந்திச்சு. அப்பறம் மறந்திட்டாருன்னு நெனச்சு, நானும் மனச விட்டுட்டேன்."

ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் பேத்தி போனில் தேடி அண்ணனுடைய மகனைக் கண்டுபிடித்திருக்கிறாள். அண்ணன் இறந்து பல வருடம். சாகும்வரை மாதம் தவறாமல் கடிதம் போட்டதாக மகன் சொல்லியிருக்கிறார். தங்கச்சி பதில் போடவில்லை என்ற வருத்தத்தோடேயே போனாராம்.

நான் பெரியம்மா வீட்டுக் கதையைச் சொன்னேன். முழுவதையும் சொன்னேன், பெயர் மாற்றியதையும் முற்றத்தில் நிறுத்தியதையும் சேர்த்து. அம்மாச்சி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எந்தத் தோட்டம்?" என்றா. தெரியாது. "தகப்பன் பேரு?" ஞாபகமில்லை. ஆறு தடவை என் கையால் எழுதிய பெயர், ஞாபகமில்லை.

"அவரு பதில் போடலன்னு சொல்றீங்களே," என்று மெதுவாகச் சொன்னா, "நீங்க போட்டது அவருக்குக் கெடச்சிச்சான்னு கேட்டீங்களா?"

மார்ச் 12, புதன்: கொழுந்து மடுவம்

ராத்திரி பெரிய மழை. தகரத்தில் விழும் சத்தத்தில் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. என் பையை வைத்த மூலையில் ஒழுக்கு, காலையில் பார்த்தால் தட்டச்சுப் பிரதி பாதி நனைந்துவிட்டது. அம்மாச்சி அடுப்புக்கு மேலே கயிறு கட்டி ஒவ்வொரு தாளாக உடுப்புக் கிளிப் போட்டுக் காயவிட்டா. மூன்று மணி நேரம், தானே புரட்டிப் புரட்டிப் போட்டு. இப்போது எல்லாக் கதையும் புகை மணக்கிறது.

பிள்ளையின் அம்மாவோடு மலைக்குப் போனேன். இடுப்பில் படங்கைச் சுற்றிக் கட்டி, கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டி, ஆறு பெண்கள் ஒரு வரிசையில் ஏறினார்கள். 2025 மார்ச்சில் நாட்சம்பளம் 1,350 ரூபா. இவர்கள் தோட்டத்தில் ஒரு பேருக்கு, அதாவது முழு நாட்சம்பளத்துக்கு, 18 கிலோ எடுக்க வேண்டும், குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். மழை பெய்து கொழுந்து வந்தால் 18 எட்டலாம், காய்ந்த மாதத்தில் கை எவ்வளவு ஓடினாலும் செடியில் இல்லாததை எடுக்க முடியாது. கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கழிக்கிறார்கள். காலை நிறுவையில் அவருக்கு ஏழு கிலோ, கழித்து ஆறு. நாலரைக் கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலைத் தூள். நான் எடுத்தது ஒன்றரை மணி நேரத்தில் ஒரு கிலோகூட இல்லை, அதிலும் முற்றல் இலை கலந்திருந்தது, அதை அந்த அம்மா பேசாமல் பொறுக்கி எறிந்துவிட்டுத் தன் கூடையில் சேர்த்துக்கொண்டா. வேலை நேரத்தில் என்னால் அவருக்குப் போன நிமிடங்களை நினைத்தால் இப்போதும் மனம் கூசுகிறது.

மாலையில் டிவிசன் கடைக்கு, தோட்டத்தின் இந்தப் பிரிவுக்கான கடைக்கு, போனேன். சீனி, மண்ணெண்ணெய், ரீலோட் கார்ட், மூலையில் ஒரு பிஸ்கட் பெட்டி. அதுதான் தபால் பெட்டி. தோட்டத்து ஆபீசிலிருந்து யாராவது கொண்டுவந்து போடுவதை வேண்டியவர்கள் கிளறி எடுத்துக்கொள்கிறார்கள். கடைக்காரர் தடுக்கவில்லை, பார்க்கச் சொன்னார். வங்கிக் கடிதம், அடகுக்கடை நினைவூட்டல், கிளினிக் திகதிக் கடிதம். கிளினிக் திகதி பெப்ரவரியோடு போய்விட்டது. ஒரே பெயருக்கு மூன்று கடிதங்கள் இருந்தன. "இந்தப் பேருல இங்க நாலு பேர் இருக்காங்க. யாருக்குன்னு யாருக்குத் தெரியும்? பிரிச்சுப் பாக்கக் கூச்சமா இருக்கு" என்றார். 2025 இல், கடைக்காரரே நல்லவராக இருக்கும்போதே இப்படியென்றால், 1982 இல் என் எழுத்தில் தகப்பன் பெயரும் தோட்டத்துப் பெயரும் மட்டும் போட்டுப் போன அந்த ஆறு கடிதங்களும் எந்தக் கட்டில் எந்த மூலையில் கிடந்தனவோ.

அங்கிருந்தே அச்சகத்துக்குப் போன் எடுத்து, புத்தகத்தை இந்த மாதம் தரமுடியாது என்று சொன்னேன். சித்திரை வருடப்பிறப்புக்கு வருமென்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருந்தேன். பரவாயில்லை.

வழியில் டவுன் பக்கம் அந்தப் பழைய மரியாள் தேவாலயத்துக்கும் போனேன். 1879 இல் இந்தப் பள்ளத்தாக்கில் இறந்த ஜூலியா மார்கரெட் கமரன் அங்கேதான் அடக்கம். இங்கிலாந்தில் பெயர்பெற்ற புகைப்படக்காரர், இங்கே வந்தபிறகும் ஊர் மக்களைப் படமெடுத்தவர். கல்லறைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். கமராவுக்கு முன்னால் நின்றவர்களிடம் அவர் என்ன கேட்டிருப்பார், எந்தப் பாஷையில் கேட்டிருப்பார் என்று யோசித்துக்கொண்டே திரும்பி ஏறினேன்.

மார்ச் 13, வியாழன், போயா: காமன் பொட்டல்

மாசி அமாவாசை கழித்து மூன்றாம் பிறையில் காமன் கம்பம் நட்டு, இரண்டு வாரமாக ரதியும் மதனும் வீடு வீடாகப் போய், இன்று பௌர்ணமி இரவு எரிப்பு. எல்லா லயங்களிலிருந்தும் டோர்ச்சோடு இறங்கி வந்தார்கள். கொழும்பு, தெஹிவளை, நீர்கொழும்பு என்று வேலைக்குப் போன இளசுகள் பாதிப் பேர் இதற்கென்றே வந்திருந்தார்கள். பத்து மணிக்குத் தப்பு மேளம் தொடங்கியது. முன்பெல்லாம் விடியற்காலையில் ஆட்களை வேலைக்கு எழுப்பவும் இந்தத் தப்புத்தான் அடிப்பார்களாம். "அதுக்கு வேற அடி" என்று அம்மாச்சி விரலால் கதிரைச் சட்டத்தில் தட்டிக் காட்டினா.

ரதியாக வந்தது லொறி ஓட்டும் ஒரு தம்பி. சிவப்புச் சேலை, நெற்றிச்சுட்டி. தூது வந்து, தவம் கலைந்து, சிவனுடைய கண்ணிலிருந்து நெருப்புக் கிளம்பிக் கம்பம் பற்றி எரிந்தபோது மணி மூன்றரை. அப்புறம் ரதியின் புலம்பல். தப்பு நின்றுவிட்டது, குரல் மட்டும். குளிரில் எல்லோருடைய வாயிலிருந்தும் புகை. அறுபது எழுபது தடவை இதே கூத்தைப் பார்த்திருக்கக்கூடிய அம்மாச்சி சத்தம் வராமல் அழுதா. பக்கத்தில் பிள்ளையும். கேட்கவில்லை நான், கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். முடிந்ததும் பெரிய கிடாரத்திலிருந்து எல்லோருக்கும் இஞ்சி போட்ட சாயம். யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு முதலில் கொடுக்கச் சொல்லி யாரோ இருட்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்கள்.

விடியற்காலை ஆறு மணி பஸ்ஸுக்குப் பிள்ளை கூட வந்தாள். புகை மணக்கும் தாள்களைப் பையில் வைத்துத் தந்திருந்தா அம்மாச்சி, ஒரு பொதி ரொட்டியும். புத்தகம் எப்போது வந்தாலும் முதல் பிரதி உனக்குத்தான், விலாசத்தை எழுதித் தா என்று கொப்பியை நீட்டினேன். பேனையை வாங்கினவள் லயத்தை எழுதவில்லை. ஹட்டன் டவுனில் அவளுடைய மாமா வேலை செய்யும் பழக்கடை, அதன் இலக்கம், வீதி, பக்கத்தில் என்ன கடை இருக்கிறது என்பதுகூட எழுதினாள். கீழே போன் நம்பர்.

"இங்க போடாதீங்கம்மா. மாமா கடைக்குப் போடுங்க. போட்ட அன்னைக்கே எனக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லிருங்க, போய் வாங்கிக்கிறேன்."